இருபத்து மூன்றாம் அத்தியாயம் எங்கே போனது

எங்கள் அலுவலகத்துக்குப் பெயர்ப் பலகை கிடையாது. மயிலாப்பூரில், லஸ் முனையிலிருந்து நடந்து போகிற தூரத்தில், வாசலில் பெரிய வேப்பமரம் நின்ற பழைய பங்களா அது. நாட்டுக்குள்ளே யார் எங்கே கூடுகிறார்கள், என்ன பேசுகிறார்கள் என்று தெரிந்துகொண்டு டில்லிக்குச் சொல்வது அங்கே வேலை. காக்கிச் சட்டை இல்லை, லத்தி இல்லை, யாரையும் பிடித்து உள்ளே போடுகிற அதிகாரமும் இல்லை. பார்க்க வேண்டும், கேட்க வேண்டும், எழுத வேண்டும், அவ்வளவுதான். அப்படி ஓர் அலுவலகம் இருப்பதே வெளியில் தெரியக்கூடாது என்பது முதல் விதி. அறுபதுகளின் கடைசியில் நான் அங்கே வேலைக்குச் சேர்ந்த அன்று, இந்த ஒரு விதிக்கென்றே தனியாக ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள்.

மறுநாள் நல்ல மழை. லஸ் முனையில் ஒரு ரிக்‌ஷாவில் ஏறி, விதியை மதித்து, "நேராப் போப்பா, நான் சொல்ற எடத்துல நிறுத்து" என்றேன். ரிக்‌ஷாக்காரர் திரும்பி என் புதுச் செருப்பையும் டிபன் பாக்ஸையும் பார்த்தார்.

"சிஐடி ஆபீஸ்தானே நைனா? குந்து. புச்சா சேந்துக்கினியா?"

"அதெல்லாம் இல்ல. நான் புள்ளிவிவர ஆபீஸ்."

"அப்டித்தான் அல்லாரும் சொல்லிக்கினு கீறாங்க" என்று சொல்லிவிட்டு, வேப்பமரத்தடியில் சரியாக இறக்கிவிட்டார்.

வீட்டிலும் புள்ளிவிவரம் என்றுதான் சொல்லியிருந்தேன். தியாகராய நகரில், உஸ்மான் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில், மாடிப் போர்ஷனில் வாடகைக்கு இருந்தோம். அப்பா, அக்கா, நான். அம்மா முன்பே போய்விட்டாள். அப்பா ஒரு ஜவுளிக்கடையில் விற்பனையாளர். காலை ஒன்பதிலிருந்து ராத்திரி ஒன்பது வரை நின்றபடியே புடவை பிரித்துக் காட்டி, கால் இரண்டும் வீங்கிப் போயிருந்தது. அக்கா என்னைவிட இரண்டு வயது மூத்தவள், என்னைவிட நூறு மடங்கு கெட்டிக்காரி. மத்திய அரசு எழுத்தர் தேர்வை இரண்டு முறை எழுதி மயிரிழையில் தவறவிட்டு, மூன்றாவது முறை தேறியிருந்தாள். நேர்காணலும் முடிந்துவிட்டது. நன்னடத்தை விசாரணை ஒன்றுதான் பாக்கி, அது முடிந்தால் வேலை. இந்த முறை கிடைக்காவிட்டால் வயது வரம்பு தாண்டிவிடும், அப்புறம் எழுதவே முடியாது. அப்பாவை அந்தக் கடையிலிருந்து நிறுத்தி வீட்டில் உட்கார வைக்க வேண்டும் என்பதை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. ராத்திரி அவர் காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கும்போது அவள் முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

அலுவலகத்துக்கு வருகிறேன். காலையில் முதல் வேலை பத்திரிகை வெட்டுவது. தமிழ்ப் பத்திரிகைகளில் வந்த அரசியல் செய்திகளை வெட்டி ஒட்டி, ஆங்கிலத்தில் சுருக்கி, மேலே 'மிக இரகசியம்' என்று சிவப்பு மசியில் முத்திரை குத்துவோம். விடிந்ததும் டீக்கடையில் நாலு பேர் சத்தம் போட்டுப் படித்த செய்தி, பதினோரு மணிக்கு எங்கள் மேஜையில் தேசத்தின் இரகசியமாகிவிடும். வெட்டியது போக மிச்சமான பத்திரிகையைப் பழைய பேப்பர்காரரிடம் போடக்கூடாது. ஓட்டையைப் பார்த்தால் எதை வெட்டினோம் என்று எதிரிக்குத் தெரிந்துவிடுமாம். அதனால் ஓட்டைப் பத்திரிகைகளை மாதக் கடைசியில் வேப்பமரத்தடியில் போட்டுக் கொளுத்துவோம். புகை லஸ் வரைக்கும் போகும். சிஐடி ஆபீசில் இன்று பேப்பர் எரிக்கிறார்கள் என்று தெருவே பேசிக்கொள்ளும்.

மத்தியானத்துக்கு மேல் வெளி வேலை. எனக்குத் தியாகராய நகர். பக்கத்து நாற்காலிக்காரருக்கு மயிலாப்பூர். அவர் மாட வீதியிலேயே பிறந்து வளர்ந்தவர். வெயிலோ மழையோ கையில் கறுப்புக் குடை இருக்கும், ஆகவே குடைக்காரர் என்றே சொல்கிறேன். சாயங்காலம் ஆனால் பூங்காவில் ஒரு சிமெண்டு பெஞ்சில், முகத்துக்கு நேரே பத்திரிகையைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர் கண்காணித்தது சந்தேகத்துக்குரிய ஒரு தாடிக்காரரை. ஒருநாள் நான் கூட இருந்தபோது சுண்டல் விற்பவர் வந்து, "சார், தாடிக்காரருக்கு ஒடம்பு சொகமில்ல, இன்னிக்கு வரமாட்டார். நீங்க வூட்டுக்குப் போலாம்" என்றார். குடைக்காரர் பத்திரிகையை மடித்துக்கொண்டு எழுந்து போனார். அன்றைய அறிக்கையில், 'அவர் நடமாட்டத்தைக் குறைத்துக்கொண்டிருக்கிறார்' என்று எழுதினார்.

வார அறிக்கை திங்கட்கிழமை காலையில் மேலதிகாரியின் மேஜைக்குப் போக வேண்டும். என் பகுதியில் சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை என்று முதல் மாதத்தில் ஒருமுறை எழுதினேன். உண்மையிலேயே ஒன்றும் நடக்கவில்லை. குடைக்காரர் அதைப் பார்த்துப் பதறிப் போனார்.

"ஓய், ஒண்ணுமில்லேன்னு மட்டும் எழுதிடாதேயும். அங்க ஒண்ணுமில்லேன்னு அதுக்கு அர்த்தமில்லை. நீர் பாக்கலைன்னு அர்த்தம்."

"நெசமாவே ஒண்ணும் நடக்கலைன்னா?"

"நடக்காம இருக்குமோ? நாலு பேர் ஒரு எடத்துல ஒக்காந்தா ஏதாவது பேசத்தானே பேசுவா. மூணு வாரம் ஒண்ணுமில்லேன்னு எழுதினவனை அஸ்ஸாம் பக்கம் அனுப்பிச்சுட்டா. அங்க நெறைய நடக்கறதாம்."

அன்றிலிருந்து நான் 'ஒன்றுமில்லை' என்று எழுதியதில்லை. எங்கள் அலுவலகத்தில் யாரும் எழுதியதில்லை. சென்னை நகரத்தில் ஒன்றுமே நடக்காத ஒரு வாரம் கூட டில்லியின் கோப்புகளில் இருக்காது.

வினை அந்தக் கார்த்திகை அடைமழையில் வந்தது. வாரம் பூராவும் கூட்டமில்லை, ஊர்வலமில்லை, பனகல் பூங்காவில் நாய்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வெள்ளைத்தாளை வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். மொட்டைமாடி அறையில் அக்காவும் தெருப் பெண்களும் வழக்கம்போலக் கூடியிருந்தார்கள்.

அவர்கள் கூடுவது தொடர்கதைகளைத் தைக்க. அந்தக் காலத்தில் வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளை அத்தியாயம் அத்தியாயமாகக் கிழித்து வைத்துக்கொண்டு, கதை முடிந்ததும் தைத்து அட்டை போட்டுப் புத்தகமாக்குவது வீட்டுக்கு வீடு உண்டு. எங்கள் தெருவில் அதை அக்கா ஓர் இயக்கமாகவே நடத்தினாள். ஒரு வீட்டில் ஐந்தாம் அத்தியாயம் போண்டா மடித்துப் போயிருக்கும். இன்னொரு வீட்டில் இரவல் போன இதழ் திரும்பியிருக்காது. யாரிடம் எது இல்லை, யாரிடம் எது இரண்டு இருக்கிறது என்று அக்கா ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தாள். கீழே உட்கார்ந்திருந்த என் காதில் பேச்சு விழுந்துகொண்டே இருந்தது.

"எனக்குப் பதினேழு இன்னும் வரல."

"பதினேழு மாம்பலத்துல ஒருத்தங்ககிட்ட இருக்கு. அடுத்த வாரம் கைக்கு வந்துடும்."

"முப்பத்தொண்ணு ரெண்டு இருக்கு. ஒண்ண அடையாறுக்குக் குடுத்துரலாமா?"

"குடுங்க. அவங்க ரொம்ப நாளாக் கேக்குறாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே எழுதினேன். தியாகராய நகரில் ஒரு மாடியறையில் ஞாயிறுதோறும் பத்துப் பன்னிரண்டு பெண்கள் கூடுகிறார்கள். அச்சிட்ட தாள்கள் கைமாறுகின்றன. தாள்களைப் பெயரால் குறிப்பிடாமல் எண்ணால் குறிப்பிடுகிறார்கள். மாம்பலம், அடையாறு ஆகிய இடங்களோடு தொடர்பு உண்டு. நோக்கம் தெரியவில்லை. இவ்வளவுதான் அறிக்கை. கடைசி வாக்கியத்தைத் தவிர ஒரு சொல்கூடப் பொய்யில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று தெருவை மட்டும் பக்கத்துத் தெருவாக மாற்றிப் போட்டேன். படித்துவிட்டுக் கோப்பில் போடுவார்கள், அதோடு தீர்ந்தது என்று நினைத்தேன்.

மேலதிகாரி வடக்கேயிருந்து வந்தவர். தமிழ் தெரியாது. மூன்று வருஷமாகச் சென்னையில் இருந்துகொண்டு, தமிழர்கள் மனத்தில் என்ன ஓடுகிறது என்று வாரா வாரம் டில்லிக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் என்னைக் கூப்பிட்டு ஆங்கிலத்தில், "நல்ல வேலை. அந்தத் தாளில் ஒரு மாதிரி கிடைக்குமா?" என்று கேட்டார். அந்த நிமிஷம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அதுவரை யாரும் என்னிடம் நல்ல வேலை என்று சொன்னதில்லை. கிடைக்கும் சார் என்றேன்.

அன்று சாயங்காலம் அக்கா கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் மாடியறைக்குப் போனேன். தைப்பதற்குத் தயாராக ஒரு கதை அடுக்கியிருந்தது. அக்காவுக்கு ரொம்பப் பிடித்த கதை. கட்டின் நடுவிலிருந்து ஓர் அத்தியாயத்தை உருவினேன். இருபத்து மூன்று.

மேலதிகாரி அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "என்ன எழுதியிருக்கிறது?"

"கதை சார். தொடர்கதை."

"வெளிப்பார்வைக்கு" என்று சொல்லித் தலையாட்டினார். "உள்ளே என்ன இருக்கிறது என்பதை டில்லி பார்த்துக்கொள்ளும்."

முத்திரையை எடுத்து அவரே குத்தினார். முதல் பக்கத்தில் கதாநாயகியின் படம் இருந்தது. சிவப்பு மசி அவள் நெற்றியில் விழுந்தது. பெரிதாகப் பொட்டு வைத்தது போலிருந்தது.

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் அங்கே உறுதிப்படுத்துதல் என்று சொல்வார்கள். ஒரு செய்தி ஒருவர் சொன்னால் செய்தி, இரண்டு பேர் தனித்தனியாகச் சொன்னால் உண்மை. டில்லி இந்தச் செய்தியை உண்மையாக்க விரும்பி, மாநிலப் போலீசின் உளவுப் பிரிவைக் கேட்டது. அவர்கள் ஒரு ஏட்டை அனுப்பினார்கள். அவருக்குத் தியாகராய நகரில் யாரையும் தெரியாது. ஆகவே நேரே மயிலாப்பூர்ப் பூங்காவுக்குப் போய், பழைய சிநேகிதரான குடைக்காரரின் பெஞ்சில் உட்கார்ந்து விசாரித்தார். காபி குடிக்கும்போது என் அறிக்கையைப் பற்றி நான் சொன்னது குடைக்காரருக்கு நினைவிருந்தது. "ஆமாம் ஓய், பெரிய குரூப்பாம்" என்று சொல்லியிருக்கிறார். நம்பகமான வட்டாரம் உறுதி செய்கிறது என்று ஏட்டு எழுதிவிட்டார். அது டில்லிக்குப் போய், அங்கிருந்து எங்கள் பங்களாவுக்கே வந்து சேர்ந்தது. என் அறிக்கைக்கு இப்போது இரண்டு சாட்சிகள், இரண்டும் நானே.

ஏட்டு மனசாட்சியுள்ளவர். அதோடு நிற்காமல் இடத்தையும் நேரில் பார்க்க வந்தார். பக்கத்துத் தெருவில் அப்படி மாடியறையே இல்லை என்று கண்டுபிடித்து, விசாரித்து, சரியாக எங்கள் சந்துக்கே வந்துவிட்டார். சந்து முனையில் இஸ்திரி வண்டி வைத்திருந்தவர் என் சட்டையை நீட்டும்போது சொன்னார்.

"சார், ஒரு ஆளு ரெண்டு ஞாயித்துக்கெழமையா இங்கயே குந்திக்கினு கீறான். துணியும் குடுக்க மாட்டேன்றான். உங்க மாடியவே பாத்துக்கினு கீறான். இன்னான்னு கேளு."

நான் கேட்கவில்லை. சட்டையை வாங்கிக்கொண்டு மாடி ஏறிவிட்டேன். மூன்றாவது ஞாயிறு அந்த ஆள் வாக்காளர் பட்டியல் சரிபார்ப்பதாகச் சொல்லி மாடிக்கே ஏறிவிட்டார். அக்கா உட்கார வைத்து மோர் கொடுத்திருக்கிறாள். ராத்திரி சாப்பிடும்போது என்னிடம் சொன்னாள்.

"ஓட்டர் லிஸ்ட் எடுக்குற ஆளுக்கு நாங்க பசையில என்ன கலக்குறோம்னு எதுக்குடா தெரியணும்?"

"நீ என்ன சொன்ன?"

"பூச்சி அரிக்காம இருக்க மயில்துத்தம்னு சொன்னேன். எழுதிக்கிட்டாரு. எங்க வாங்குறீங்கன்னு கேட்டாரு. அதையும் எழுதிக்கிட்டாரு. பாவம், வீட்டுல புத்தகம் நெறைய வச்சிருப்பாரு போல."

மறு வாரம் எங்கள் அலுவலகத்துக்கு வந்த தாளில், 'நீல நிற இரசாயனம் ஒன்று கொதிக்க வைக்கப்படுகிறது, வாங்கும் கடை கண்டறியப்பட்டுள்ளது' என்று இருந்தது. மைதா பசை தேசப் பாதுகாப்புக்குள் இப்படித்தான் நுழைந்தது.

அதற்கும் அடுத்த வாரம் அக்காவின் நன்னடத்தை விசாரணைக் கோப்பு என் மேஜைக்கே வந்தது. மத்திய அரசு வேலைக்குத் தேறியவர்களின் பெயர்ப் பட்டியலை எங்கள் கோப்புகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அங்கே தினசரி வேலை. அக்காவின் பெயர், அப்பாவின் பெயர், எங்கள் முகவரி எல்லாம் இருந்தது. எதிரே வேறொருவர் கையெழுத்தில், தியாகராய நகர்ப் பெண்கள் குழுவின் தலைவி, இரண்டு வட்டாரங்கள் உறுதி செய்துள்ளன, நியமனம் உகந்ததல்ல என்று எழுதியிருந்தது. கீழே என் அறிக்கையின் எண். தாளை மேஜைமேல் கவிழ்த்து வைத்தேன்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த முகவரி என் முகவரி என்பது அந்தப் பங்களாவில் யாருக்கும் தெரியாது. என் சொந்த விவரங்கள் அடுத்த அறையின் இரும்பு அலமாரியில் இருந்தன. ஒரு பிரிவில் இருப்பதை இன்னொரு பிரிவு கேட்கக்கூடாது என்பது இரண்டாவது விதி. வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்று பெரியவர்கள் தருமத்துக்குச் சொன்னதை இவர்கள் உளவுக்கு வைத்துக்கொண்டார்கள். ஊரில் எவன் வீட்டு அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று கண்டுபிடித்த அலுவலகம், அது தன் குமாஸ்தாவின் வீட்டு அடுப்பு என்பதைக் கண்டுபிடிக்கவில்லை.

மேலதிகாரியின் அறைக்குப் போய், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அது என் வீடு, அது என் அக்கா, அவர்கள் கதைகளைத் தைக்கிறார்கள், எண்கள் அத்தியாய எண்கள், நோக்கம் தெரியவில்லை என்று நான் எழுதியது பொய். அவர் எழுந்து கதவைச் சாத்தினார். கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"மாநிலப் போலீஸ் உறுதி செய்திருக்கிறதே?"

"அவர்கள் நம் ஆளைக் கேட்டார்கள் சார். நம் ஆள் நான் சொன்னதைச் சொன்னார்."

"ஆக மூன்று பேர் சொல்லியிருக்கிறீர்கள்."

அவர் இழுப்பறையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். பொய் அறிக்கை கொடுத்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடு, இன்றைக்கே டில்லிக்கு அனுப்புகிறேன் என்றார். அதன் பிறகு உனக்கு இங்கே வேலை இருக்காது, எந்த அரசு அலுவலகத்திலும் இருக்காது என்றார். எழுதினாலும் டில்லி நம்பும் என்று நான் சொல்ல முடியாது, அக்காவைக் காப்பாற்றத் தம்பி சொல்கிற பொய் என்றுதான் நினைப்பார்கள் என்றார். பிறகு, யோசி என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

அந்த அறையில் தனியாக உட்கார்ந்திருந்தேன். பேனாவைத் திறந்தேன், மூடினேன். எழுதினால் இரண்டு வேலையும் போகும், எழுதாவிட்டால் ஒன்றுதான் போகும், வீட்டில் ஒரு சம்பளமாவது மிஞ்சட்டும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். அது நியாயமில்லை, பயம். எழுதியிருந்தால் நூற்றில் ஒரு பங்காவது அக்காவுக்கு அந்த வேலை கிடைத்திருக்கலாம். அந்த ஒரு பங்கை நான் அவளுக்குக் கொடுக்கவில்லை. அவர் ஏப்பம் விட்டுக்கொண்டு திரும்பி வந்தபோது தாள் வெள்ளையாகவே இருந்தது. அதை எடுத்து இழுப்பறையில் திரும்பப் போட்டுக்கொண்டார். நல்ல தாளை வீணாக்காதவர்.

தை மாதம் கடிதம் வந்தது. வருந்துகிறோம் என்று ஒரே வரி. காரணம் சொல்ல மாட்டார்கள், சொன்னால் இரகசியம் வெளியாகிவிடும். அக்கா இரண்டு முறை படித்துவிட்டு மடித்து வைத்தாள்.

"இன்டர்வியூல ஒரு கேள்விக்குத் தப்பாச் சொல்லிட்டேன்டா. எந்த ஆறு எங்க உற்பத்தியாகுதுன்னு. அதுதான்."

"அதுக்கா வேலை இல்லம்பாங்க?"

"பின்ன வேற என்ன? நான் என்ன தப்பு பண்ணேன்?"

அப்பா, "விடும்மா, எனக்கு இன்னும் கால் இருக்கு" என்றார். சொல்லிவிட்டு மறுநாள் காலை அந்தக் காலோடு கடைக்குப் போனார். இன்னும் ஆறு வருஷம் போனார். அக்கா மேற்கு மாம்பலத்தில் ஒரு சின்னத் தனியார் பள்ளியில் டீச்சராகச் சேர்ந்தாள். என்னைப் பணியில் உறுதி செய்து ஆணை வந்தது. களப்பணியில் தனி ஆர்வம் காட்டுபவர் என்று அதில் ஒரு வரி இருந்தது. அதை வீட்டில் காட்டவில்லை.

அடுத்த ஞாயிறு அக்கா பசை கிண்டி வைத்துக்கொண்டு, இத்தனை நாள் தள்ளிப் போட்டிருந்த, தனக்குப் பிடித்த கதையைத் தைக்க உட்கார்ந்தாள். இருபத்து மூன்று இல்லை. தெரு முழுக்கக் கேட்டாள், மாம்பலத்தில் கேட்டாள், அடையாறுக்குச் சொல்லி அனுப்பினாள். மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளுக்கு என்னையே அனுப்பினாள். நான் போய் உண்மையாகவே தேடினேன். அந்த ஓர் இதழ் மட்டும் எங்கும் அகப்படவில்லை. ஒருநாள் அலுவலகத்தில் பதிவறைக் குமாஸ்தாவிடம், டில்லிக்குப் போன இணைப்பு ஒன்றைத் திருப்பி வாங்க முடியுமா என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். அவர் சிரித்தார். "ரகசியத்த எப்பிடி சார் திருப்பிக் குடுக்கறது? குடுத்தா அது ரகசியமா?"

நெருக்கடி நிலை வந்தபோது பழைய கோப்புகளை எல்லாம் தூசி தட்டினார்கள். அந்தப் பெண்கள் குழு இன்னும் இயங்குகிறதா என்று டில்லி கேட்டது. அதற்குள் சில பெண்களுக்குக் கல்யாணமாகிவிட்டது, சிலர் வீடு மாறிவிட்டார்கள். மாடியறையில் அக்கா ஒருத்திதான் ஞாயிறுதோறும் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கட்டுரை நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். குழு கலைந்துவிட்டது என்று எழுதினேன். புதிதாக வந்திருந்த மேலதிகாரி, 'நமது தொடர்ந்த கண்காணிப்பின் விளைவாக' என்று முன்னால் சேர்த்துக் கையெழுத்துப் போட்டார்.

அதற்கும் இரண்டு வருஷம் கழித்து, அப்பா கடையை விட்டு நின்ற பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை. அக்கா அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கதை காலிகோத் துணி அட்டையோடு கையில் வந்தது. நான் வாங்கிப் புரட்டினேன். இருபத்திரண்டு முடிந்ததும் ஒரு வெள்ளைத்தாளைச் சேர்த்துத் தைத்திருந்தாள். தாளின் நடுவில் அவளுடைய குண்டு எழுத்தில், 'இருபத்து மூன்று: இல்லை' என்று எழுதியிருந்தது. இல்லாததை இல்லை என்று எழுத அவளுக்கு ஒரு பயமும் இருந்ததில்லை.

"எடுத்தவங்க யாராயிருந்தாலும் சரி" என்றாள் அக்கா, துணியை உதறிக்கொண்டே. "படிச்சாவது இருப்பாங்களாடா?"

"இல்லக்கா. யாரும் படிக்கல."

துணியை உதறிய கை நின்றது. அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

நான் புத்தகத்தை மூடினேன். அவள் அதை என் கையிலிருந்து வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, அரிசி களையப் போனாள்.